பிழை, பிழைத்தல், பிழைப்பு: காட்டில் உயிர்தப்பும் கதைகளை எப்படி வாசிப்பது, எப்படி எழுதுவது?

இந்த இதழுக்கு வந்த சிறுகதைகளை வரிசையாக வாசித்து முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ‘காட்டுல மாட்டிக்கிட்ட ஒருத்தன்’ என்ற கருவில் மட்டும் ஏழு கதைகள். மூன்று அமேசானில் நடக்கின்றன. இரண்டு அலாஸ்காவில். ஒன்று பெயரில்லாத ஒரு தீவில். ஏழாவது கதைதான் நம்ம ஏலகிரியில் நடக்கிறது. ஆனால் அதில் ஒரு சிங்கம் வருகிறது.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. ஏழு பேருமே உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி உறுத்துது. வேலூர் பக்கம் படிக்கிற நமக்குக் காடு எங்கே இருக்கு? மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெற்கே ஜவ்வாது மலை நீலமாத் தெரியும். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தினமும் ஏலகிரியை ஜன்னலில் பார்த்துக்கொண்டேதான் வருகிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஆந்திராவின் கௌண்டன்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கி வயலை மிதித்த செய்தி அடிக்கடி வரும். இவ்வளவும் கண்முன்னே இருக்கும்போது நாம ஏன் அலாஸ்காவுக்கு விசா எடுக்கிறோம்?

பார்த்த படங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த வகைக் கதை நம்மிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருக்கு. அதுவும் நம்ம பக்கத்திலேயே இருக்கு. அங்கே போவதற்கு முன்னால், வெளியூர்க் கதை ஒன்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஒரே கதை, இரண்டு முடிவு

ஜாக் லண்டன் எழுதிய ‘தீ மூட்டுதல்’ கதையைச் சிலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாத விஷயம், அவர் அதை இரண்டு தடவை எழுதினார். முதலில் 1902-இல், சிறுவர்களுக்கான ஒரு பத்திரிகைக்கு. பிறகு 1908-இல், பெரியவர்களுக்கு. இரண்டிலும் ஒருவன் கடும் பனியில் தனியாக நடக்கிறான், கால் நனைகிறது, தீ மூட்டப் பார்க்கிறான். முதல் கதையில் அவனுக்குப் பெயர் உண்டு: டாம் வின்சென்ட். அவன் பிழைத்துக்கொள்கிறான். தனியாகப் போகக்கூடாது என்று பாடம் கற்கிறான். இரண்டாவது கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது. செத்துப்போகிறான். கூட வந்த நாய் பிழைத்துப் போகிறது.

முதல் கதையை இன்றைக்கு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இரண்டாவது நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. செத்துப்போனதால் பெரிய கதை ஆகிவிட்டது என்று அவசரமாக முடிவு கட்டாதீர்கள். நம்ம ஏழு கதைகளில் நாலில் நாயகன் சாகத்தான் செய்கிறான். அது போதவில்லை.

இரண்டாவது கதையில் லண்டன் என்ன செய்கிறார் என்று பாருங்க. குளிர் மைனஸ் 75 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எண்ணில் சொல்கிறார். நம்ம கணக்கில் சுமார் மைனஸ் 59 செல்சியஸ். எண் தெரிந்தும் அந்த மனிதனுக்கு அதன் பொருள் உறைக்கவில்லை, அதுதான் கதை. அவன் துப்புகிற எச்சில் தரையில் விழுவதற்குள் காற்றிலேயே உறைந்து வெடிக்கிறது. அவன் கால் நனைவது முழங்காலுக்குப் பாதி வரைதான். வேறு நாளாக இருந்தால் சாக்ஸைப் பிழிந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். வெப்பக் கடத்தல் பாடத்தில் நாம போட்ட கணக்கு அவன் காலில் நடக்கிறது.

அடுத்து அவன் தீ மூட்டுகிறான். நன்றாகவே மூட்டுகிறான். ஆனால் ஒரு மரத்துக்கு அடியில். சுள்ளியை அந்த மரத்திலிருந்தே இழுத்து இழுத்துப் போடுவது வசதியாக இருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் மரம் லேசாக ஆடுகிறது. கிளையில் தேங்கியிருந்த பனி மொத்தமாகச் சரிந்து தீயை மூடுகிறது. அவ்வளவுதான். கொடிய விலங்கு இல்லை, வில்லன் இல்லை, புயலும் இல்லை. வசதிக்காகச் செய்த ஒரு சின்னப் பிழை.

இந்த இடத்தில் நம்ம மொழி நமக்கு ஒரு பரிசு தருகிறது. ‘பிழை’ என்றால் தவறு. ‘பிழைத்தல்’ என்றால் தவறு செய்தல், உயிர் தப்புதல் என்று இரண்டு பொருளும் உண்டு. ‘பிழைப்பு’ என்றால் ஜீவனம், வயிற்றுப்பாடு. மூன்றும் ஒரே வேர்ச்சொல்லைச் சுற்றி நிற்கின்றன. உயிர்தப்பும் கதை ஒன்றை வாசிக்கும்போது இந்த மூன்றையும் தேடுங்க: இதில் யார் செய்த பிழை? யார் பிழைத்தார்? யாருடைய பிழைப்புக்காக இந்தக் காட்டுக்குள் வந்தார்கள்? மூன்றாவது கேள்வியை நாம பெரும்பாலும் கேட்பதே இல்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

செங்கத்துக்குப் போகும் வழி

திருப்பத்தூரிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் செங்கம். ஜவ்வாது மலைக்குத் தென்பக்கம். பழைய வட ஆர்க்காடு மாவட்டம், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா. அங்கே ஆண்டவன் நன்னன். அவனைப் பார்க்கப் போகும் ஒரு கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கெனவே போய்ப் பரிசு வாங்கிவந்த கூத்தர் ஒருவர் வழி சொல்வதாக அமைந்ததுதான் மலைபடுகடாம். பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடி. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து நீளமானது இதுதான். பன்னிரண்டாம் வகுப்போடு தமிழை விட்டுவிட்டு வந்த நாம இதை ‘ஆற்றுப்படை நூல்’ என்று ஒரு மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? மலைக்காட்டில் உயிரோடு நடந்து போவதற்கான முழுக் கையேடு.

விடிந்த பிறகுதான் கிளம்பு, ஏன்னா தினைப்புனத்தை நாசமாக்கும் பன்றிக்கு வைத்த கல்பொறி வழியிலேயே இருக்கும், இருட்டில் தெரியாது. பாம்பு ஒடுங்கியிருக்கும் குழிகள் உண்டு. கைகூப்பிவிட்டு விலகிப் போ. புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது மனிதனுக்கும் விழும். மரத்தை மறைவாக வைத்துக்கொண்டு நகரு. பாசி மூடிய பாறை காலை வாரும். பக்கத்தில் இருக்கும் சிறு மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு போ. முதலை கிடக்கும் மடுவை ஒட்டிய வழுக்குப் பாதையில் கொடியைப் பற்றிக்கொள், சின்னப் பிள்ளைகள் கூட இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். இரவானால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் போய்த் தங்கு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அந்த மலையில் பிறந்த குறவர்களுக்கே வழி குழம்பும் பகுதி ஒன்று வரும் என்கிறார். அங்கே தவறிவிட்டால் என்ன செய்வது? நடக்காதே. அகலமான பாறை ஒன்றில் எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள். கையிலிருக்கும் இசைக்கருவிகளை வாசியுங்கள். சத்தம் கேட்டு மலைக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள்.

இன்றைக்கு எந்த மலையேற்றப் பயிற்சியிலும் முதல் பாடம் இதுதான்: வழி தவறியது தெரிந்ததும் நின்றுவிடு, திறந்த இடத்துக்கு வா, சத்தம் கொடு. விசில் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே முழவும் யாழும். நாடோடிக் கலைஞர்களின் பிழைப்புக்கான கருவியே அவர்கள் பிழைப்பதற்கான கருவி ஆகிறது. இதைவிடக் கச்சிதமாக ஒரு சிறுகதையில்கூடப் பொருளைப் பயன்படுத்த முடியாது. உங்க கதையில் நாயகன் கையில் சுவிஸ் கத்தி கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிங்க. அவன் என்ன வேலை செய்கிறவன்? அந்த வேலையின் கருவி எது? ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன் என்றால் அவன் கைக்குக் கத்தி பழக்கம், சரி. தைக்கிறவள் என்றால்? அவள் கைக்குத் தெரிந்தது நூலும் முடிச்சும்.

நடையைக் கவனிச்சாலும் நிறைய கிடைக்கும். மலைபடுகடாம் முழுக்க முன்னிலையில் பேசுகிறது: நீங்கள் போவீர்கள், பார்ப்பீர்கள், கடந்து செல்லுங்கள். ‘கழிமின்’ என்ற மாதிரி ‘மின்’ என்று முடியும் ஏவல் வினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வழி தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும் குரல் அது. அதில் பயமுறுத்தல் இல்லை, பீற்றலும் இல்லை. ஆபத்தைச் சொன்ன அதே மூச்சில் என்ன செய்யணும் என்பதும் வந்துவிடும். நம்ம கதைகளில் ஆபத்து வந்ததும் ‘ஐயோ’ என்று அரைப் பக்கம் போகிறது. ஆபத்தில் இருப்பவனுக்கு ஐயோ சொல்ல நேரம் கிடையாது. அவன் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். ஐயோ சொல்வது வாசகர் வேலை, அதை அவர்களுக்கே விட்டுவிடுங்க.

இன்னொன்று. பாதை பிரியும் இடங்களில் தடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். ஏனென்றால் பின்னால் வருகிறவர்கள் இந்த நிலத்துக்குப் புதியவர்கள். ஜாக் லண்டனின் மனிதன் தனியாகச் செத்தான். இங்கே பிழைத்தல் என்பது கூட்டத்தின் வேலை. முன்னால் போனவனிடமிருந்து வாங்கி, பின்னால் வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவது. மேல்நாட்டுக் கதைகளில் எல்லாம் தனியாள், நம்மிடம் எல்லாம் கூட்டம் என்று நான் கோடு போடவில்லை. ஸ்டீஃபன் கிரேன் 1897-இல் எழுதிய ‘திறந்த படகு’ கதையில் கப்பல் மூழ்கி நாலு பேர் ஒரு சின்னப் படகில் தவிக்கிறார்கள். கிரேனுக்கே நேர்ந்த அனுபவம் அது. அந்த நாலு பேருக்கு நடுவில் வரும் நட்புதான் அந்தக் கதையின் சூடு. தமிழில் அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. நாவல்தான், ஆனால் கடலில் மூன்று பேர் தத்தளிக்கும் பகுதிகளைத் தனியாக எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கக்கூடிய கதை. மீனவருக்குக் கடல்தான் காடு.

பாலாறும் பாலையும்

சங்கப் பாடல்களில் உயிர்தப்புதலுக்கென்றே ஒரு திணை உண்டு, பாலை. அதைப் பாலைவனம் என்று நினைத்து ஒட்டகத்தை ஓட்டிவிடாதீர்கள். பாலை தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை ஆகும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. காடு தண்ணீரை இழந்தால் பாலை. ஆம்பூர்ப் பாலத்தில் நின்று மே மாதம் பாலாற்றைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இந்த வரையறையை விளக்க வேண்டியதில்லை. அதே ஆறுதான் 1903 நவம்பரில் வாணியம்பாடியில் சுமார் இருநூறு பேரை அடித்துக்கொண்டு போனது. ஒரே நிலம், இரண்டு வகைச் சாவு. இதை யாராவது கதையாக எழுதினால் நான் முதல் வாசகன்.

பாலைப் பாட்டுகளில் வரும் விலங்குகளைப் பாருங்க. குறுந்தொகை 37-ஆம் பாட்டில் ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது, பெண் யானையின் பசியைத் தீர்க்க. கலித்தொகை 11-இல் இன்னும் ஒரு படி மேலே. குட்டி கலக்கிய கொஞ்சத் தண்ணீரைப் பெண் யானைக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு தான் குடிக்கிறது ஆண் யானை. மர நிழலே இல்லாத இடத்தில் ஆண் மான் தன் உடம்பின் நிழலைப் பெண் மானுக்குக் கொடுக்கிறது. நிழலைக் கொடுப்பது! கொடுக்க வேறு எதுவும் மிச்சமில்லாதபோது.

இந்தப் பாட்டுகளில் சாவைப் பற்றி நேரடிப் பேச்சே குறைவு. தண்ணீர் எவ்வளவு குறைவு என்பதை, அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது நல்ல உத்தி. ‘தாகம் தொண்டையை வறுத்தது’ என்று எழுதுவதைவிட, இருவர் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்க. நிலைமையும் புரியும், இருவருக்கும் நடுவில் என்ன உறவு என்பதும் புரியும்.

காடு யாருக்குக் காடு?

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிப் போன கதைகளை ஆங்கிலத்தில் எழுதியவர். அவற்றில் ஒன்று நம்ம ஏலகிரிச் சிறுத்தையைப் பற்றியது. (ஏழாவது கதை எழுதிய தம்பிக்கு: சிங்கத்துக்குப் பதில் இது.) பரணில் உட்கார்ந்து இரவு முழுக்கக் காத்திருக்கும் பகுதிகளில் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எந்தப் பறவை எப்போது கத்தியது, எப்போது சத்தம் நின்றது என்பதை வைத்தே பயத்தை ஏற்றுவார். ஆனாலும் துப்பாக்கி அவர் கையில். அவர் வருவதற்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் எத்தனை மாதம் துப்பாக்கி இல்லாமல் அதே காட்டோரத்தில் பிழைத்தார்கள் என்பது பெரும்பாலும் முன்னுரையாகவே நின்றுவிடும்.

அந்த முன்னுரை ஆட்களை நடுவுக்குக் கொண்டுவந்த கதை என்று ஜெயமோகனின் ‘ஊமைச்செந்நாய்’ கதையைச் சொல்வேன். முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். வெள்ளைக்கார துரை ஒருவர் யானை வேட்டைக்குப் போகிறார். கதையைச் சொல்வது அவருடைய வேலைக்காரன். பெயரில்லை, எல்லோரும் கூப்பிடும் பட்டப்பெயர்தான் தலைப்பு. காடு முழுக்கத் தெரிந்தவன் இவன். துரையின் உயிர் கிட்டத்தட்ட இவன் கையில்தான் இருக்கிறது. கடைசியில் பள்ளத்தின் விளிம்பில் இவன் தொங்கும்போது துரை கை நீட்டுகிறார். இவன் அந்தக் கையைப் பிடிக்க மறுத்து விழுகிறான். உயிர்தப்பும் கதையின் எல்லா விதிகளையும் பின்பற்றிக் கொண்டுபோய், கடைசி விதியை மட்டும் உடைக்கிறது. காட்டிடமிருந்து பிழைக்கத் தெரிந்தவனுக்கு எஜமானிடமிருந்து பிழைக்க வேறு வழி இல்லாமல் போகிறது. எந்தப் புலியைவிடவும் அந்த நீட்டிய கை பயங்கரமாத் தெரியும், வாசித்துப் பாருங்க.

அதே ஆசிரியர் 2011-இல் எழுதிய ‘யானை டாக்டர்’ இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. இங்கே உயிர்தப்ப வேண்டியது மனிதன் இல்லை, யானை. ஆபத்து, சுற்றுலா வந்தவர்கள் உடைத்துப் போட்ட பீர் பாட்டில். அந்தக் கண்ணாடி யானையின் காலுக்குள் ஏறி, சீழ் வைத்து, அவ்வளவு பெரிய மிருகத்தை அணுவணுவாகக் கொல்லும் விதத்தை விவரிக்கும் இடத்தில் மொழி மருத்துவரின் மொழியாகவே இருக்கும், ஒப்பாரி கிடையாது. வார இறுதியில் ஏலகிரிக்குப் பைக்கில் போகும் நம்ம கூட்டத்தில் இந்தக் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம் என்று எனக்கொரு ஆசை.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. யாருடைய பிழைப்புக்காகக் காட்டுக்குள் போகிறார்கள்?

நம்ம வட்டாரத்தின் தோல் தொழில் ஒரு காலத்தில் காட்டை நம்பித்தான் நின்றது. குரோம் வருவதற்கு முன்னால் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை காய்ந்த மேட்டில் வளர்வது, கடுக்காய் மலையில் பொறுக்குவது. அதாவது நகரத்து டேனரியில் ஒரு தோல் பதமாக, எங்கோ மலைச்சரிவில் ஒருவர் கூடையோடு நடந்திருக்க வேண்டும். அவருக்கு அந்தக் காடு சாகசம் இல்லை, வேலைக்குப் போகும் இடம். அவரை வைத்து ஒரு கதையும் நம்ம ஏழில் இல்லை.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்களை ஆந்திரச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். மரம், தடம், தண்ணீர் எங்கே என்று காட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். காட்டு அறிவு அவர்களைக் காப்பாற்றவில்லை, அவர்களுக்கு ஆபத்து காட்டிலிருந்து வரவில்லை. காட்டுக் கதை என்று எழுத உட்காரும்போது மனதில் வருகிற ‘கொடிய விலங்கு’ எவ்வளவு சுலபமான வில்லன் என்பது இதை நினைத்தால் புரியும்.

குரங்கணியை எப்படி எழுதுவது?

நம்ம வயசுக்காரர்கள் சம்பந்தப்பட்டது இன்னொன்று. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் இளைஞர்களே அதிகம்.

அன்றைக்கு யார் பிழை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எழுதுகிறவருக்கு அதில் இருக்கும் சவாலைச் சொல்கிறேன். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது வேகம் கூடும். கீழே எரியும் சுவாலையின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடும், அதனால்தான். தீயைப் பார்த்தால் மேட்டை நோக்கி ஓடத் தோன்றும். உடம்பு சொல்வதும் இயற்பியல் சொல்வதும் எதிரெதிராக இருக்கும் அந்தச் சில விநாடிகள் ஒரு சிறுகதைக்குப் போதும். ஆனால் அதை எழுதுகிறவர் தீயை வர்ணிக்க ஆசைப்பட்டுவிட்டால் கதை போச்சு. ‘செந்நிறப் பேய் நாக்கை நீட்டியது’ என்று எழுதும்போது, நிஜமாகவே அங்கே இறந்தவர்களை நாம உவமைக்கு விறகாக்குகிறோம். இந்த மாதிரி விஷயத்தில் உவமையைச் சந்தேகப்படுங்க. எத்தனை பேர், கையில் எவ்வளவு தண்ணீர், காற்று எந்தப் பக்கம், யார் யார் கையைப் பிடித்திருந்தார்கள். இவை போதும், மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார்.

கொஞ்சம் கையெழுத்துப் பயிற்சி

ஏழு கதைகளிலும் பொதுவாக இருந்த தொனியை வைத்து நானே ஒரு பத்தி கட்டியிருக்கிறேன். யாருடைய வரியும் இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

‘அடர்ந்த கானகம். எங்கும் மயான அமைதி. இருள் கவ்விக்கொண்டது. ராகுலின் இதயம் படபடவென அடித்தது. எங்கோ ஒரு கொடிய விலங்கின் உறுமல். மரணம் அவனை நெருங்கிக்கொண்டிருந்தது. “நான் சாக மாட்டேன்!” என்று அலறினான்.’

எந்தக் கானகம்? மரத்துக்குப் பெயர் இல்லை. அமைதி என்கிறீர்கள், ஆனால் பொழுது சாயும் நேரத்தில் நம்ம மலைக்காடு அமைதியாவா இருக்கும்? சில்வண்டு காதைக் கிழிக்கும். மலைபடுகடாம் என்ற பெயரே மலையில் எழும் ஓசைகளை வைத்து வந்தது. மலையை ஒரு யானையாக்கி, அதன் ஓசைகளை மதநீர் ஆக்கியிருக்கிறார் புலவர். அந்தப் பாட்டில் எத்தனை விதமான சத்தம் வருகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்க. அப்புறம், ராகுல் யார்? அவன் ஏன் அங்கே வந்தான்? அவன் செய்த பிழை என்ன? இது ஒன்றும் தெரியாமல் அவன் இதயம் படபடத்தால் நமக்கு என்ன?

இதையே ஜவ்வாது மலையில் வைத்து, ஆம்பூர்ப் பையன்கள் இரண்டு பேரை வைத்து இப்படி எழுதிப் பார்த்தேன். சிறந்த கதை என்று சொல்ல வரவில்லை, வேறுபாட்டுக்காக:

‘அருவிக்கு ரோட்டு வழியா போயிருந்தா நாலு மணிக்கே ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம். குறுக்கு வழின்னு சொன்னது பாபு. இப்ப மணி ஆறே கால். ஆரிஃபோட செருப்பு வார் அறுந்து ஒரு மணி நேரம் ஆச்சு. அப்பா வேலை செய்யற கம்பெனி செருப்பு.

பாட்டில்ல ரெண்டு விரக்கடை தண்ணி இருந்துச்சு. பாபு மூடியைக் கழட்டி, மூடியிலேயே ஊத்தி நீட்டினான்.

“நீ குடிடா.”

“நீ?”

“எனக்கு அப்புறம்.”

“அப்புறம்னா எப்போ?”

பாபு பதில் சொல்லல. கீழே எங்கியோ ஆட்டு மணி கேட்டுச்சு. ரெண்டு பேரும் அப்படியே நின்னாங்க. மறுபடி கேட்டுச்சு.

“அந்தப் பக்கம்”னு ரெண்டு பேரும் ஒண்ணா கையை நீட்டினாங்க. வேற வேற பக்கம்.’

நான் செய்ததெல்லாம் இதுவரை பேசியவைதான். பிழை ஒன்று (குறுக்கு வழி), அதைச் செய்தவன் பெயர், நேரம் எண்ணில், அறுந்த செருப்புக்குள் அப்பாவின் பிழைப்பு, மூடித் தண்ணீருக்குள் பாலைத்திணை யானை. பயம் என்ற சொல்லே வரவில்லை. பேச்சு நம்ம ஊர்ப் பேச்சு. ஆபத்தில் யாரும் செந்தமிழ் பேசுவதில்லை. ஒரு குறையும் இருக்கு, நானே சொல்லிவிடுகிறேன்: அவர்கள் நின்ற இடத்தில் இருந்த மரத்தின் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் மரத்தையே எழுதாமல் தப்பித்துவிட்டேன். அமிர்தி காட்டுக்கோ ஜமுனாமரத்தூருக்கோ அடுத்த முறை போகும்போது உள்ளூர்ப் பெரியவர் யாரையாவது பிடித்துப் பத்து மரத்தின் பெயரையாவது கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறேன். நீங்களும் வரலாம்.

அடுத்த இதழுக்கு இந்த இரண்டு பையன்களின் கதையை யார் வேண்டுமானாலும் தொடர்ந்து எழுதி அனுப்புங்க. ஆட்டு மணி எந்தப் பக்கம் என்பதை நீங்கதான் முடிவு பண்ணணும். 1,500 சொல்லுக்குள். சிங்கம் வேண்டாம்.